மதியமானால் பிளாஸ்மா வேகமெடுக்கிறதா? ஆர்கான் கோடு நகர்வதில் சந்தேகம்

பாளை மாணவன்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்காக பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னேற்ற வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்து வைக்கும் டோகமாக் கருவி ஒன்றின் எக்ஸ்-கதிர் நிறமாலைமானித் தரவைப் பாளையங்கோட்டை வீட்டிலிருந்தே அலசுகிறேன். கதிர்களை அலைநீளவாரியாகப் பிரிப்பது கோளமாக வளைத்த குவார்ட்ஸ் படிகம், அதில் 110 என்று எண்ணிட்ட அணுத் தளம். இரண்டே எலக்ட்ரான் மிஞ்சிய ஆர்கான் அயனியின் டபிள்யூ என்ற நிறமாலைக் கோடு, அலைநீளம் 3.949 ஆங்ஸ்ட்ராம். கோட்டின் அகலத்திலிருந்து அயனி வெப்பநிலையும் நகர்விலிருந்து பிளாஸ்மாவின் சுழற்சி வேகமும் எடுக்க வேண்டும். வெப்பநிலை சரியாக வருகிறது. வேகம்தான் படுத்துகிறது. ஒரே மாதிரி ஷாட்கள் (பிளாஸ்மாவை ஒருமுறை உண்டாக்கி இயக்குவது ஒரு ஷாட்), ஆனால் காலை 10 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் இடையே நொடிக்கு 18 கி.மீ. வித்தியாசம். மூன்று நாள் தரவிலும் இப்படித்தான். கோட்டுக்கு வளைவரை பொருத்தும் ஃபிட்டிங்கை நான்கு தடவை மாற்றி எழுதிவிட்டேன். திங்கட்கிழமை சாரிடம் காட்ட வேண்டும், உதவுங்கள்.

தென்காசி அக்கா:
டபிள்யூ கோட்டின் நீண்ட அலைநீளப் பக்கம் துணைக்கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் தம்பி. எலக்ட்ரான் வெப்பநிலை குறைந்தால் அவை வலுக்கும். ஒற்றை காஸியன் (மணி வடிவ வளைவரை) போட்டால் மையம் அந்தப் பக்கம் இழுபடும். அவற்றையும் சேர்த்தா ஃபிட் செய்தாய்?

பாளை மாணவன்:
ஆமாம் அக்கா, சேர்த்துத்தான். இசட் என்ற இன்னொரு ஆர்கான் கோடும் அதே அளவு நகர்கிறது. நகர்வதோ குறைந்த அலைநீளப் பக்கம். அகலம் மாறவில்லை.

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
அப்போ ஃபிட்டிங்கை விட்டுவிடு. படிகத்தின் வெப்பநிலை பதிவாகியிருக்கிறதா பார். பத்தமடைப் பாயில் கோரை அடுக்கியது போலப் படிகத்தில் அணு அடுக்குகள். சூடேறினால் அடுக்குகளின் இடைவெளி விரியும். இந்தத் தளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் 13 பங்கு. அற்பமாகத் தோன்றும். ஒளியின் வேகம் நொடிக்கு 3 லட்சம் கி.மீ., அதால் பெருக்கினால் டிகிரிக்கு ஏறக்குறைய 4 கி.மீ. வேகம் வந்துவிடும். இடைவெளி கூடினால் பிராக் கோணம், அதாவது அந்த அலைநீளத்தைப் படிகம் பிரதிபலிக்கும் கோணம், குறையும்; பழைய இடைவெளியை வைத்திருக்கும் உன் நிரலுக்கு அலைநீளம் குறைந்ததாகத் தெரியும். எல்லாக் கோடும் சேர்ந்தே நகரும், அகலம் அப்படியே நிற்கும். பிளாஸ்மா கருவியை நோக்கி வந்தாலும் இதே அடையாளம்தான், அதனால் கோட்டை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

பாளை மாணவன்:
அண்ணாச்சி, பதிவு கிடைத்துவிட்டது! முதல் நாள் 23.1 டிகிரியிலிருந்து 27.4 வரை ஏறியிருக்கிறது. கழித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாம் போய்விட்டது. மூன்றாம் நாள் மட்டும் 5 கி.மீ. மிச்சம். பூஜ்ய வேகம் எது என்று எப்படி நிர்ணயிப்பது?

சேரன்மகாதேவி அண்ணாச்சி:
அன்றைய ஷாட்களில் லாக்டு மோடு (பிளாஸ்மாவின் காந்தக் குலைவு ஒரே இடத்தில் பூட்டிக்கொள்வது) வந்தது ஏதாவது உண்டா? அதில் சுழற்சி நின்றுவிடும். அந்த இடத்தைப் பூஜ்யமாக வை, அப்போதிருந்த வெப்பநிலையையும் குறித்துக்கொள். படிகத்தைத் தாங்கும் உலோகமும் விரியும் தம்பி, மூன்றாம் நாள் மிச்சத்தை முதலில் அங்கே தேடு.