யூஜிசி புத்தகம் வாங்கப் போன நாள்

ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை றிசல்ட் வந்ததற்கும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வருவதற்கும் இடையில் எங்கட பிள்ளைகளுக்கு ஒரு விசித்திரமான காலம் வரும். பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன் இல்லை, கம்பஸும் இல்லை. கையில் நாலு தசமத்தோடு ஒரு இசட் ஸ்கோர் மட்டும் இருக்கும். சொந்தக்காரர் எல்லாருக்கும் அந்தப் புள்ளி பாடம். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யவேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

நான் பயோ. என் தோழி மத்ஸ். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தோம். ஏ.எல். இல் வகுப்பு பிரிந்தாலும் போகவர ஒரே ஸ்கூட்டிதான். விண்ணப்ப முடிவு திகதி கிட்ட வந்த ஒரு நாள் உரும்பிராயிலிருந்து யாழ்ப்பாண டவுனுக்குப் போனோம். சாட்டு, யூஜிசி புத்தகம், அதுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல், வாங்குவது. அது பிடிஎப் ஆகவும் கிடைக்கும்தான். ஆனால் பிடிஎப் எடுக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் ஸ்கூட்டித் திறப்புக் கேட்க முடியாதே.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பாடநெறி எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, போனமுறை எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு வெட்டுப்புள்ளி என்பதெல்லாம் அந்தக் கைநூலில் இருக்கும். அதைப் பார்த்து விருப்ப ஒழுங்கு போடவேண்டும். நீங்கள் போட்ட ஒழுங்கில் மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். எதற்குப் புள்ளி காணுமோ அதைத் தந்துவிடுவார்கள். அதற்குக் கீழே எழுதியது அதைவிட நல்லதாச்சே என்று பிறகு அழுது பிரயோசனம் இல்லை. அதனால் ஏ.எல். சோதனையை விட இந்த ஒரு பக்கத்துக்குத்தான் எனக்குப் பயம்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சோழகக் காற்று மண்ணை அள்ளிக் கண்ணில் போட்டது. பலாலி வீதியால் இறங்கித் திருநெல்வேலிச் சந்தையைக் கடக்கும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழ வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் வந்தது. "வரேக்க வாங்குவம்" என்றாள். புத்தகக் கடையில் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு முழு நாளும் எங்கள் கையில்.

முதலில் யாழ்ப்பாணப் பொது நூலகம். படிக்க அல்ல, நிழலுக்கு. சரஸ்வதி சிலையைக் கடந்து உள்ளே போனால், மேசை முழுக்க பாஸ்ட் பேப்பர் பரப்பிக்கொண்டு பிள்ளைகள். பாதிப் பேர் தெரிந்த முகம். எங்கட பாட்ச் பெடியன் ஒருவன் எங்களைக் கண்டதும் முகத்தைக் கொப்பிக்குள் புதைத்தான். இரண்டாம் ஷைக்கு, அதாவது இரண்டாம் தரம் ஏ.எல். எழுதப் படிக்கிறான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று ஷை வரை எழுதலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எங்கட ஊரில் இரண்டாம் ஷை என்றால் கலியாண வீட்டில்கூட ஒரு பார்வை இருக்கும். என் அம்மாவின் திட்டமும் அதுதான்: "இன்னொருக்கா எழுது பிள்ளை, மெடிசினுக்குக் கொஞ்சம்தானே குறைஞ்சது." அந்தக் கொஞ்சத்துக்குள் எத்தனை ஆயிரம் பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

இதைத் தோழியிடம் முணுமுணுத்தேன். அவள் மேலே கூரையைப் பார்த்துவிட்டு, "இந்த லைப்ரரியே செக்கண்ட் ஷைதானேடி" என்றாள்.

சிரித்துவிட்டேன், பக்கத்து மேசையில் இருந்தவர் முறைத்தார். ஆனால் அவள் சொன்னது உண்மைதான். 1933 இல் செல்லப்பா என்ற ஒருவர் தன்னிடமிருந்த புத்தகங்களோடு தொடங்கிய வேலை அது. 1959 இல் கட்டடம் திறந்தார்கள். 1981 இல் ஏறக்குறைய 97,000 புத்தகங்களோடும் ஓலைச்சுவடிகளோடும் எரித்தார்கள். இப்போது நாங்கள் இருப்பது திரும்பக் கட்டினது. எரிந்ததைப் பற்றி எங்கள் வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். இவள் இப்படி ஒரு பகிடியாகச் சொன்னதை அப்பப்பா கேட்டிருந்தால் ஏசியிருப்பார். எனக்கு என்னவோ அது மரியாதை கெட்ட பேச்சாகப் படவில்லை.

மத்தியானம் மலாயன் கபே. அதைப் பற்றி நிறைய எழுதத் தேவையில்லை, போகாதவர் குறைவு. வாழையிலையில் சோறு, சாப்பிட்டு முடிய இலையை மடித்துச் சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் நாங்களே போட்டோம். சின்னதில் அந்த ஓட்டைக்குள் போடுவதற்காகவே அவதிப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் பெரியகடைப் பக்கம் நடந்தோம். நிமிர்ந்து பார்த்தால் பலகைகள்: ஐஈஎல்டிஎஸ், மாணவர் விசா, கனடா, யூகே, ஜேர்மன் வகுப்பு. நகைக்கடைக்கு மேல்மாடியில் ஒன்று, மருந்துக்கடைக்கு மேல் ஒன்று. தோழி சொன்னாள், "கீழ தாலி, மேல விசா. ரெண்டும் ஒரே படியிலதான்." ரொறன்ரோவில் இருக்கும் என் மாமா ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து, "இஞ்ச அனுப்பு அக்கா, நான் பாக்கிறன்" என்பார். மாமா நல்ல மனுசன், ஆனால் கணக்குப் பார்ப்பவர் இல்லை. கனடா மாணவர் விசாவுக்கு வங்கியில் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 2024 ஜனவரியில் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆக ஏற்றினார்கள். எங்கட காசில் 40 இலட்சத்துக்கு மேல். படிப்புக் கட்டணமும் பிளேன் ரிக்கற்றும் அதற்குள் இல்லை. அப்பாவின் வெங்காயத் தறைகளை விற்றால் வரும். விற்ற பிறகு அப்பா என்ன செய்வார் என்று மாமாவிடம் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா பிளவுஸ் துணி ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தார். சாறியின் ஓரத்தில் வெட்டிய ஒரு சின்னத் துண்டைக் கடதாசியில் சுற்றித் தந்துவிட்டிருந்தார், நிறம் பொருந்த வேண்டுமாம். ஒரு புடவைக்கடைக்குள் ஏறினோம். துணி காட்டிய அக்காவுக்கு முப்பது வயது இருக்கலாம். துண்டை வாங்கி வாசலடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். "உள்ளுக்கு லைற்றில எல்லாம் ஒண்டுதான், வெளியில பாத்தாத்தான் பச்சை எது, மயில்பச்சை எது எண்டு தெரியும்" என்றார். அந்த நேரம் என் கையிலிருந்த புத்தகத்தைக் கண்டுவிட்டார்.

"ஆ, யூஜிசி புத்தகமோ? நான் எடுக்கேக்க மஞ்சள் அட்டை."

நாங்கள் ஆளை ஆள் பார்த்தோம். அக்கா யாழ்ப்பாணக் கம்பஸில் புவியியல் முடித்தவர். சொந்த ஊர் கிளிநொச்சிப் பக்கம். ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறார். கச்சேரிக்கு, அதுதான் மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் இருந்த போராட்டத்தில் தானும் இருந்தவராம். அதைச் சொல்லும்போது மீற்றர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார், குரலில் கோபம் இல்லை. நான் அந்த இடத்தில் என்ன சொல்வது என்று தெரியாமல், "அப்ப படிச்சது…" என்று இழுத்தேன்.

"வீணோ எண்டு கேக்கிறியோ? எல்லாரும் உதைத்தான் கேக்கினம்." துணியை மடித்து, விரலால் கோடு இழுத்து, கத்திரிக்கோலை ஒரே ஓட்டமாக ஓட்டினார். "சம்பளம் வேற, படிச்சது வேற தங்கச்சி. எங்கட குளம் எல்லாம் ஏன் அந்த இடத்தில கட்டினவங்கள், ஏன் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வருகுது எண்டு எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியாது." பின்னால் முதலாளி இருமினார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு பில் எழுதப் போனார்.

நான் அறிவியல் நகரைப் பற்றிக் கேட்டேன். தெரியாதவர்களுக்கு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் யாழ்ப்பாணத்தில் இல்லை. கிளிநொச்சி தாண்டி, ஏ9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குக் கிட்ட, அறிவியல் நகரில் இருக்கின்றன.

"வெயில். சரியான வெயில்" என்றார் அக்கா. "ஆனா இரவில நல்ல காத்து. முறிகண்டிக் கச்சான் கடலை எப்பவும் சூடாக் கிடைக்கும். இஞ்ச இருந்து தினமும் போய்வரலாம் எண்டு வீட்டில சொல்லுவினம், நம்பாதேங்கோ. ஒரு கிழமையில களைச்சுப் போவியள். அங்க தங்கினாத்தான் படிப்பு." பிளவுஸ் துணியோடு இதையும் கட்டித் தந்து, "அம்மாட்டச் சொல்லு, உள்துணி வைச்சுத் தைக்கச் சொல்லி" என்று முடித்தார்.

வெளியே வந்ததும் தோழி ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

கோட்டைக்குப் போனோம். அங்கே போனால் இவள் என்னோடு வருவதில்லை, சுவரோடுதான் வருவாள். போர்த்துக்கேயர் தொடங்கிய கோட்டையை 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐந்து மூலையும் வெளியே நீட்டிய வடிவத்தில் கட்டினார்கள். முக்கால்வாசியும் கடலில் எடுத்த முருகைக்கல். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள்ளே வரிவரியாக, பூப்போல, பழைய பவளப்பாறையின் வடிவம் அப்படியே தெரியும். அவள் ஒரு இடத்தில் விரலை வைத்தாள். பழைய சாந்து உதிர்ந்து பொடியாக வந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, திருத்தின இடத்தில் சாந்து இறுகி நின்றது. "இதையும் அதையும் எப்பிடிப் பொருத்தினவங்கள் எண்டு படிக்கோணும்" என்றாள். சிவில் இஞ்சினியரிங் அவளுக்கு அம்மா சொன்ன ஆசை இல்லை.

கொத்தளத்தில் ஏறி, கடல் பார்க்க இருந்துகொண்டு அவள் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்தாள். பென்சிலால் ஒழுங்கு போட்டிருந்தாள். முதலாவது மொறட்டுவை. இரண்டாவது பேராதனை என்று எழுதி, அழித்து, யாழ்ப்பாணம் என்று எழுதியிருந்தாள். அழித்த தடம் நன்றாகத் தெரிந்தது.

"உன்ரையைக் காட்டு."

என்னுடையது ஃபோனில் இருந்தது. விவசாயம், யாழ்ப்பாணம், முதலாவது. பேராதனை இரண்டாவது.

"எனக்காக எழுதாதை" என்றாள் உடனே. "நான் அங்க வருவன் எண்டு நினைச்சு நீ பேராதனையைக் கீழ போட்டு, எனக்கு மொறட்டுவை கிடைச்சா என்ன செய்வாய்? என்னை ஆயுசுக்கும் திட்டுவாய்."

"நீ மட்டும்? பேராதனையை ஏன் அழிச்சனீ?"

அதற்குப் பதில் இல்லை.

"உனக்காக இல்லையடி" என்றேன். "கிணத்துக்காக."

அவளுக்கு விளங்கும், அவள் வீட்டுக் கிணறும் எங்கட கிணற்றிலிருந்து இரண்டு வளவு தள்ளித்தான். 2021 இல் இரசாயன உரம் கொண்டுவருவதை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அந்த வருடம் அப்பா வெங்காயத் தறையில் குந்தியிருந்து, தாள் மஞ்சளாகிப் போனதைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தார். சில மாதத்தில் தடையை எடுத்தார்கள், அப்பா திரும்பவும் மூட்டையாக உரம் போட்டார். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கட மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே போடும் யூரியா மழையோடு இறங்கி, அதே கிணற்று நீரில் நைத்திரேற்றாகத் திரும்பி வருகிறது. அந்த நீரைத்தான் குடிக்கிறோம். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை, நிலத்துக்குக் கீழே இருப்பதுதான் எல்லாம். உரம் இல்லாமலும் முடியாது, இவ்வளவு போட்டும் முடியாது என்றால் எவ்வளவு போடுவது? அப்பாவிடம் கேட்டால் "பழக்கத்தில போடுறதுதான்" என்கிறார். அதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பேராதனை மலைநாட்டு மண். நல்ல இடம்தான், கிடைத்தால் போவேன். ஆனால் முதலாவதாகப் போட மனம் வரவில்லை.

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வீட்டில் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை. அவள் கேட்டுவிட்டு, "உதை அப்பிடியே உன்ர அம்மாட்டச் சொல்லு, ஒரு சொல்லும் மாத்தாம" என்றாள். பிறகு தன் கடதாசியை மடியில் வைத்து, இரண்டாவது இடத்தில் இருந்ததை அழித்து, பேராதனையைத் திரும்ப எழுதினாள். எனக்கு அது கொஞ்சம் நொந்தது. ஆனால் சரியான வேலை.

பண்ணைப் பாலத்தடியில் கொஞ்சம் நின்றோம், ரியோவில் ஐஸ்கிறீம் குடித்தோம், மாம்பழம் வாங்கினோம். கதை எல்லாம் வகுப்புப் பெடியளைப் பற்றித்தான், எதிர்காலம் அன்றைக்கு அதோடு முடிந்தது.

அம்மாவிடம் இரவே சொன்னேன். கிணற்றுக் கதையை அப்பாதான் கவனமாகக் கேட்டார். அம்மா மயில்பச்சைத் துணியை விரித்துப் பார்த்து, "நிறம் சரியாத்தான் எடுத்திருக்கிறாய்" என்றார். விண்ணப்பம் போய்விட்டது, முதலாவது அறிவியல் நகர்தான். இரண்டாம் ஷைக்கும் பெயர் குடுத்திருக்கிறேன், அம்மாவுக்காக.

தோழிக்கு எது வரும் என்று இன்னும் தெரியாது. வெட்டுப்புள்ளி வரட்டும். அதற்குள், உங்களில் யாராவது பெண்பிள்ளைகள் அறிவியல் நகரில் தங்கிப் படித்திருந்தால், விடுதி எப்படி, தண்ணீர் எப்படி, இரவு பஸ் இருக்கிறதா என்று கொஞ்சம் விளக்கமாக எழுதுங்கோ. அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பாம்பு பற்றி ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாக எனக்கு அனுப்பினால் போதும்.