பகுதியில் நிற்கும் வர்க்கமூலம்: வகுப்பில் நடந்தவை

கிளிநொச்சிப் பக்கம் தரம் 11க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். சேடுகள், அதாவது √2 போல முழுதாக வெளிவராத மூலங்கள், பாடம் தொடங்கினால் ஒரே கேள்விதான்: "சேர், 10/√2 என்றே விட்டால் என்ன பிழை?" பிழை ஒன்றுமில்லை. ஆனால் கனகாலம் "பகுதியில், அதாவது பின்னத்தின் கீழே, வர்க்கமூலம் நிற்கக்கூடாது, விதி அப்படி" என்று சமாளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன தவணை ஒரு மேசனின் மகன் கேட்டான்: மூலைக்கு மூலை 10 அடி வரும் சதுர அறைக்குப் பக்கம் எவ்வளவு? 10/√2. சரி, √2க்கு 1.414 போட்டுக் கையாலே வகுங்கோ என்றேன். 10000ஐ 1414ஆல் வகுக்கத் தொடங்கி, 7 போட்டபின் மிச்சம் 102ஐ வைத்துக்கொண்டு வகுப்பே முழித்தது. அப்புறம் மேலும் கீழும் √2ஆல் பெருக்கினோம். 10√2/2, சுருக்கினால் 5√2. ஐந்து தரம் 1.414, 7.07. கடைசி வாங்கிலிருந்து "அட, இவ்வளவுதானா!" என்று ஒரு குரல். 7 அடியும் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறையவும் என்று அவனே சொல்லிவிட்டான்.

கீழே மட்டும் பெருக்கிவிட்டு மேலே மறக்கிற வியாதி இன்னும் தீரவில்லை. √2/√2ஐச் சிவப்புச் சோக்கால் எழுதி, "இதின்ர பெறுமானம் என்ன?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். "ஒண்டு சேர்" என்று கத்துவார்கள். அடுத்த கணக்கில் திரும்பவும் மறப்பார்கள்.

முல்லைத்தீவிலிருந்து இன்னொரு ஆசிரியர்: நான் உயர்தர இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். 1/(√5−√2) கொடுத்தால் அதே √5−√2ஆல் பெருக்குகிறார்கள். கீழே 7−2√10 வந்து நிற்கும், சேடு போனபாடில்லை. நான் திருத்துவதில்லை, அந்த 7−2√10ஐக் கொஞ்சநேரம் பார்க்க விடுவேன். பிறகு நடுக்குறியை மாற்றி √5+√2ஆல் பெருக்கச் சொன்னால் கீழே 5−2, அதாவது 3. தரம் 9இல் படித்த இரு வர்க்கங்களின் வித்தியாசம் அப்போதுதான் ஞாபகம் வரும்.

வவுனியாவிலிருந்து ஒரு ரீச்சர்: என் மாணவி 6/√8ஐ √8ஆல் பெருக்கி 6√8/8 என்று விட்டுவிட்டாள். √2ஆல் பெருக்கினாலே கீழே √16 வந்துவிடும், விடை 3√2/2. இரண்டு வழியையும் பலகையில் எழுதினேன். "முதலே சொல்லியிருக்கலாமே ரீச்சர்" என்று கோபித்துக்கொண்டாள்.

அதுசரி கிளிநொச்சிச் சேர், அந்த மேசன் தகப்பன் என்ன சொன்னவர்?

கிளிநொச்சி: கயிறு பிடித்தாலே போதுமாம், சேடு தேவையில்லையாம்!