தறப்பாள் கயிற்றில் தேன்சிட்டுக் கூடு, போட்டை இழுக்கலாமா?

தெஹிவளை_துடுப்பு:
போட் கேள்வியா குருவிக் கேள்வியா என்று எனக்கே தெரியவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பின்வளவில் டிரெய்லரில் நிற்கிற 14 அடி ஃபைபர் போட்டுக்குத் தறப்பாள் போட்டு மூடியிருக்கிறேன். அதை இழுத்துக் கட்டிய கயிற்றின் நுனி என்ஜினுக்குப் பக்கத்தில் சும்மா தொங்குகிறது, அந்த நுனியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது. தூரத்தில் பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் சொல்வீர்கள். கிட்டப் போனால் காய்ந்த இலைத் துண்டு, பட்டைச் சீவல், புழுவின் எச்சம் எல்லாம் சிலந்தி வலையால் ஒட்டியிருப்பது தெரிகிறது, வாசலுக்கு மேலே மழை விழாமல் சின்னத் தாழ்வாரம் வேறு. கட்டியது முழுக்கப் பெட்டைதான். இப்போது பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது, சொண்டு மட்டும் வெளியே தெரியும்.

பிரச்சினை என்னவென்றால், பௌர்ணமிப் போயாவோடு சேர்ந்து வருகிற லீவுக்குப் போட்டைப் பொல்கொட வாவியில் இறக்குவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். கயிற்றை அப்படியே அவிழ்த்துப் பக்கத்து முருங்கையில் கட்டினால் குருவி தேடி வராதா? இல்லையென்றால் எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்? அப்புறம் இன்னொன்று, ஆண் குருவி விடிந்தால் போதும், கார்க் கண்ணாடியில் போய்க் கொத்திக்கொண்டு நிற்கிறது. அதற்கு என்ன வந்தது?

மாமரத்தடி:
ஆணுக்கு முதுகு கருஞ்சிவப்பு, வயிறு மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. கொழும்பு வளவுகளில் சாதாரணமாக வருகிறதுதான். கயிற்றில் கை வைக்காதீர்கள். கூடு எங்கே இருந்தது என்ற இடத்தைத்தான் தாய்க் குருவி தேடும், முருங்கைக்கு மாற்றினால் பழைய இடத்தில் வந்து சுற்றிவிட்டு முட்டையைக் கைவிட்டுப் போகக்கூடும்.

பெட்டை உள்ளேயே இருக்கிறது என்றால் முட்டை இட்டிருக்கும், வழக்கமாக இரண்டு. அடைகாக்க இரண்டு கிழமை, குஞ்சு வெளியேற இன்னும் இரண்டரைக் கிழமை அளவில் ஆகும். ஆண் பெரும்பாலும் அடைகாக்காது, ஆனால் குஞ்சு பொரித்ததும் அதுவும் பூச்சி கொண்டுவரத் தொடங்கும். அந்த நாளிலிருந்து கணக்குப் பாருங்கள். அடிக்கடி எட்டிப் பார்க்கவும் வேண்டாம். மதிலில் இருக்கிற காகம் நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் இருக்கிறது, ஆனால் உங்களுக்குச் சட்டம் சொல்ல வேண்டிய தேவை இருக்காது என்று நினைக்கிறேன்.

வெள்ளவத்தை_அலை:
கண்ணாடியில் தெரிகிறது தன் உருவம் என்று அதற்குத் தெரியாது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டான், எவ்வளவு கொத்தியும் போகிறான் இல்லை, அவ்வளவுதான் அதன் கவலை. குண்டுக்கரிச்சானும் இதையே செய்யும். காரை நிறுத்தியதும் கண்ணாடிக்கு ஒரு பழைய காலுறையை மாட்டிவிடுங்கள், சொண்டும் தப்பும் கண்ணாடியும் தப்பும்.

பாணந்துறை_நங்கூரம்:
குருவியை எல்லோரும் பார்த்தாயிற்று, போட்டை யார் பார்ப்பது? இப்போது சோளகம், தென்மேற்குக் காற்றுக் காலம், மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஒரு மாதம் தொடாமல் விட்டால் தறப்பாள் குழிந்து அதில் தண்ணீர் தேங்கும், போட்டின் அடியிலும் தேங்கும். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு கிழமை, பத்து நாள் போதும். பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து பார்த்தால் தேன்சிட்டுக் கதை எடுபடாது, வழக்குத்தான். ஆகவே பெட்டை இரை தேடி வெளியே போகிற நேரம் பார்த்துப் போட்டின் பின்பக்கத்தில் தண்ணீர் வடிகிற பிளக்கைக் கழற்றி அப்படியே திறந்து விடுங்கள். டிரெய்லரின் முன்பக்கத்தை மெதுவாக உயர்த்தினால் அடித்தண்ணீர் தானாக வடியும். தறப்பாளின் குழியை உள்ளேயிருந்து ஒரு தடியால் முட்டுக்கொடுங்கள், காற்றில் படபடத்துக் கூட்டில் அடிக்காமல் ஓரத்தையும் இறுக்குங்கள், ஆனால் அந்தக் கயிற்றை விட்டுவிட்டு. என்ஜினை இந்த மாதம் கிளப்பிப் பார்க்கவே வேண்டாம், புகை நேரே கூட்டுக்குத்தான் போகும்.

தெஹிவளை_துடுப்பு:
நுளம்பு விஷயம் என் தலையில் ஏறவே இல்லை, நன்றி. முன்பக்கத்தை உயர்த்தினால் பின்பக்கம் இறங்கி, கூடும் பூனைக்கு எட்டுகிற உயரத்துக்கு வந்துவிடாதா?

பாணந்துறை_நங்கூரம்:
ஒன்றிரண்டு அங்குலம்தான் இறங்கும். பூனை ஏறுகிற வழி கீழே இல்லை, டிரெய்லரில் இருக்கிறது. அதனால் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிற ஏணி, பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வாருங்கள், என் போட்டில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. கரையோரக் கம்பங்களில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கும், ஏன் என்று கட்டாயம் கேட்பார்கள். அதன் இறகின் வெளிப்புறம் நன்றாக நனையும், தண்ணீருக்குள் முங்கி மீன் பிடிக்க அது வசதி, வெளியே வந்தால் காய வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி என்னிடம் இல்லை, அதை நீங்கள் கொண்டுவர வேண்டும். பெட்ரோலும் உங்கள் கணக்கு.