9 இஞ்ச் ரிம்மில் 215 டயர் இழுத்துப் போடலாமா?

கேள்வி: 17 இஞ்ச் விட்டம், 9 இஞ்ச் அகலத்தில் அலாய் ரிம் வாங்கிவிட்டேன். காரைத் தாழ்த்தியிருப்பதால் 245/40 டயர் (245 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 40%) சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் உரசுகிறது. அகலம் குறைந்த 215/45-ஐ ரிம் அகலத்துக்கு இழுத்து மாட்டினால் தோற்றமும் எடுப்பாக இருக்கும், ஸ்டியரிங்கும் கூர்மையாகும் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: பாதி சரி. பக்கச்சுவர் சாய்ந்து விறைத்து நிற்பதால் திருப்பியதும் கார் சட்டென்று கேட்கும். ஆனால் தரையில் படுவது அதே 215 ரப்பர்தான், பிடிப்பு கூடிவிடாது. அந்த அளவுக்கு 7 முதல் 8 இஞ்ச் ரிம் வரைதான் அனுமதி.

பதில்: அண்ணா, காற்று குறைந்திருக்கும்போது வேகமாக வளைத்தால் பீடு, அதாவது ரிம்மைப் பிடித்திருக்கும் டயரின் உள்விளிம்பு, ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். ரிம் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பார்க்கிங்கில் முதல் கீறல் அதற்குத்தான். அப்புறம், டயருக்குள் தீப்பற்றும் ஸ்பிரே அடித்துத் தீ வைத்து பீடை உட்காரவைக்கும் வித்தை எல்லாம் வேண்டவே வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும், முகம் இருக்காது.

கேட்டவர்: அப்போ 225/45?

பதில்: அதற்கும் 8.5 இஞ்ச்தான் எல்லை. 235/40 பாருங்கள். 9 இஞ்ச் ரிம்முக்கு முறைப்படி பொருந்தும், 245/40-ஐவிட அகலம் 10 மி.மீ., விட்டம் 8 மி.மீ. குறைவு. அதுவும் உரசினால் ஆஃப்செட்டை (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பதை)ப் பாருங்கள், டயரை வதைக்காதீர்கள்.