கோத்தகிரியில் 1970 அம்பாசடர் மார்க் 2: வீட்டு ஷெட்டிலேயே சீரமைக்க எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஷெட்டுவாசி:
எல்லோருக்கும் வணக்கம். 1489 சிசி பெட்ரோல் வண்டி, எஸ்.யூ. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). பல வருடமாகத் தகர ஷெட்டில் நிற்கிறது. ஹேண்டில் போட்டால் எஞ்சின் அசையவில்லை. பிரேக் பெடல் தரை வரை போகிறது. டிரைவர் பக்கத் தரைத் தகட்டில் கை நுழையும் ஓட்டை. கதவுக்குக் கீழே உள்ள சில் இரண்டு பக்கமும் துருப்பிடித்துப் பொடிகிறது. சிறிய மிக் வெல்டிங் மெஷின், கம்ப்ரஸர், ஸ்டாண்ட் எல்லாம் இருக்கின்றன. முதலில் எஞ்சினா, பாடியா? இங்கே இருக்கும் பனிமூட்டத்தில் வீட்டிலேயே பெயின்ட் அடிக்க முடியுமா? வண்டி தயாரானதும் மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏற வேண்டும்.

தகரவேலை:
பாடிதான் முதலில். அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. சில்லும் தரையும்தான் வண்டியின் முதுகெலும்பு. அது போயிருந்தால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை.

வெட்டுவதற்கு முன் பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே வையுங்கள். பேட்டரி, சீட், தரை மேட் எல்லாம் வெளியே போகட்டும். சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்; "டங்" என்று கேட்டால் தகடு நல்லது, "பொத்" என்று கேட்டால் உள்ளே துரு. பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடமும், முன் டார்ஷன் பார் பின்னால் வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டமும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அங்கே துரு இருந்தால் ஒட்டுப் போட்டுச் சமாளிக்காதீர்கள்.

சில் வெட்டும்போது பெரும்பாலானோர் கோட்டை விடுவது ஒரே இடத்தில்தான்: இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வெட்டிவிடுவார்கள். பாடி நடுவில் தொங்கிவிடும், பிறகு கதவு மூடாது. கதவை மாட்டிப் பார்த்து நான்கு பக்க இடைவெளியையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கதவு வாசலில் முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் குறுக்கே ஒரு சதுரக் குழாயை டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) வைத்துவிட்டு, ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகு மறுபக்கம் போங்கள்.

தரைக்கு 18 கேஜ் (1.2 மி.மீ.) சி.ஆர். ஷீட் (பூச்சு இல்லாத இரும்புத் தகடு) போதும். ஜி.ஐ. (துத்தநாகப் பூச்சு) ஷீட் வேண்டாம், வெல்டிங்கில் துத்தநாகப் புகை வரும், மூடிய ஷெட்டில் அது ஆபத்து. மிக் மெஷினில் 0.8 மி.மீ. கம்பி. ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு அங்குலம் அங்கே ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தால் தகடு நெளியாது. சில்லின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் தங்கித் துரு ஆரம்பித்ததே அவை அடைபட்டதால்தான் இருக்கும். வேலை முடிந்ததும் உள்ளே மெழுகு வகைத் துருத்தடுப்பு ஸ்பிரே அடியுங்கள்.

பெயின்ட்: கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரியது. அதனால் ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் முடியுங்கள், அதிலும் காலை 11 முதல் மதியம் 3 வரை மட்டும். தேய்த்து வெளுத்த இரும்பை ஒரு ராத்திரி பனியில் விட்டால் காலையில் செம்மண் நிறம் வந்திருக்கும். எவ்வளவு தேய்க்கிறீர்களோ அவ்வளவுக்கும் அன்றைக்கே எப்பாக்ஸி ப்ரைமர். சாதாரண ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும். அதோடு வண்டியை ஒரு மாதம் நிறுத்தினால் அடியில் துரு ஓடும். பள்ளம் நிரப்பும் பட்டியைத் (புட்டி) தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்வாகத் தேயுங்கள். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் ஈரக்காற்றில் வெள்ளை பூத்தது போல் மங்கும். ரிட்டார்டர் (மெதுவாக உலரும்) தின்னர் கொஞ்சம் சேர்த்தால் குறையும். கம்ப்ரஸர் குழாயில் வாட்டர் டிராப் (காற்றிலுள்ள நீரைப் பிரிக்கும் பாகம்) இல்லாமல் ஸ்பிரே கன்னைத் தொடாதீர்கள். 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும்) பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது. சாதாரண மாஸ்க் அதைத் தடுக்காது. தனிக் காற்றுக் குழாய் மாஸ்க் இல்லையென்றால் அதை வீட்டில் அடிக்க வேண்டாம்.

கொண்டைஊசி:
தகரவேலை சொன்னதோடு ஒன்று: துரு தேய்க்கும் முன் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் படம் எடுத்து, அந்த இடத்தை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். கிரைண்டர் பட்டு எண் அழிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெரிய சிக்கல்.

எஞ்சினைச் செல்ஃப் போட்டோ வண்டியை இழுத்தோ சுற்ற முயலாதீர்கள், பிஸ்டன் ரிங் உடையும். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயிலும் டீசலும் சமமாகக் கலந்து 20 மி.லி. ஊற்றி, மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். எஞ்சின் சுற்றவில்லையென்றால் மறுபடி ஊற்றுங்கள், அவசரம் வேண்டாம். எஞ்சின் விட்டுக்கொடுத்ததும் சம்ப்பை (அடி ஆயில் தொட்டி) இறக்கி அடியில் தங்கிய கசடைக் கழுவி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஏறக்குறைய 4 லிட்டர். டேப்பட் (வால்வு இடைவெளி) 15 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு (0.38 மி.மீ.). ஒன்பது கணக்கு தெரிந்தால் வேலை சுலபம்: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது 1-ஐ அளக்கவும், 6 திறந்திருந்தால் 3, இப்படிக் கூட்டுத்தொகை 9. டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் கேப் அதே 15 தௌ, பிளக் கேப் 25 தௌ.

இனி பிரேக். மேட்டுப்பாளையம் சாலையில் இறங்க இதுதான் உயிர். நான்கும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு இடத்தில் கசிந்தால் மொத்தமும் போச்சு. கப் ரப்பரை மட்டும் மாற்றி விட்டுவிடாதீர்கள். சிலிண்டருக்குள் நகம் தட்டும் குழி இருந்தால் புது ரப்பர் சீக்கிரமே கிழிந்துவிடும். மாஸ்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ் முன்னால் இரண்டு பின்னால் ஒன்று, எல்லாமே புதிது போடுங்கள். இரும்புக் குழாயும் மாற்றுங்கள். சாதாரணச் செம்புக் குழாய் அதிர்வில் இறுகி வெடிக்கும், கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், டிரம் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

டாட் 4 பிரேக் ஆயில் போடுங்கள். புதியதாக இருக்கும்போது கொதிநிலை 230 டிகிரி, ஈரம் ஏறிவிட்டால் 155. நம் பனிமூட்டத்தில் அது ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் பெடல் திடீரென்று இறங்கும். வருடம் ஒருமுறை மாற்றுங்கள், இறக்கத்தில் இரண்டாவது கியரை விடாதீர்கள்.

ஷெட்டுவாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. கார்புரேட்டரை எந்த உயரத்துக்குச் செட் செய்வது? இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்குமா? ஆர்.சி. காலாவதி ஆகிவிட்டது, வின்டேஜ் பதிவுக்குப் போகலாமா?

மிக்ஸர்:
கோத்தகிரி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு, அதே ஊசியில் பெட்ரோல் அதிகமாகிவிடும், பிளக் கறுக்கும். கார்புரேட்டர் அடியில் கலவையைச் சரிசெய்யும் ஜெட் நட்டை முழுக்க மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று (நட்டின் ஆறு பக்கக் கணக்கில் 12 முகம்) இறக்குங்கள், அதுதான் தொடக்கம். எஞ்சின் சூடான பின் கார்புரேட்டர் பிஸ்டனை 1 மி.மீ.க்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை மேலே ஏற்றுங்கள். எஞ்சின் அணைந்தால் குறைவு. லேசாகக் கூடி உடனே தணிந்தால் சரி. கார்புரேட்டரின் மேல் பக்க டேம்பரில் ஆயில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கோத்தகிரியில் மிகச் சரியாக வைத்த செட்டிங், சமவெளியில் பெட்ரோல் குறைவான கலவையாகி எக்ஸாஸ்ட் வால்வைச் சுடும். நீங்கள் இறங்கி ஏறுபவர் என்பதால் ஒரு முகம் அதிகமாகவே விடுங்கள். இக்னிஷன் டைமிங்கும் அப்படியே: மேலே 2 டிகிரி முன்னால் வைத்தால் நன்றாக இழுக்கும், ஆனால் கீழே போனதும் எஞ்சின் தட்டும்.

எத்தனால் பழைய ரப்பரைத்தான் தின்னும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம், மிதவை அறை கேஸ்கட் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். நிறுத்தி வைக்கும் வண்டியில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட வேண்டாம். இன்னொன்று, இந்த ஹெட் (வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல் பகுதி) ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தது. 2000-இலிருந்து நாட்டில் ஈயம் இல்லை. நீண்ட ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கும், டேப்பட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். ஹெட்டை வேலைக்குக் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனால் எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான சீட் ரிங் போடச் சொல்லுங்கள்.

வின்டேஜ் பதிவு (2021 விதி) 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றாத வண்டிக்குக் கிடைக்கும், எண்ணில் 'வி.ஏ.' வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் போன்றவற்றுக்கு மட்டும்தான். நீங்கள் மேட்டுப்பாளையம் போய் வர நினைப்பதால் சாதாரணப் புதுப்பித்தலையே கேளுங்கள். தகுதிச் சோதனைக்கு வண்டி நேரில் நிற்க வேண்டும், ஆகவே பிரேக், லைட், ஹார்ன், வைப்பர் முடித்த பிறகு விண்ணப்பியுங்கள். வயரிங்கைத் தொடும் முன் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பாருங்கள், அந்தக் காலத்து டைனமோ வண்டிகளில் இரண்டும் உண்டு.