ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு யார் வந்தார்கள்? நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

நாங்குநேரிப் பக்கம், ஓய்வு பெற்ற ஊராட்சி செயலர்

செப்டம்பர் 10, உலக தற்கொலைத் தடுப்பு நாள் அன்று பேரணி, பேனர், உறுதிமொழி எல்லாம் நடக்கிறது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் வீட்டுக்கு அரசாங்கத்து ஆள் யாராவது வந்ததைப் பார்த்திருந்தால் எழுதுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் இப்படி ஒரு சாவு விழுந்தால், காகிதத்தில் ஏறும் காரணம் பெரும்பாலும் ‘தீராத வயிற்றுவலி’தான். குடும்பத்துக்கு மானம் தப்பும், விசாரணையும் சீக்கிரம் முடியும். ஊராட்சி ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு கதை தெரியும். வாழை காற்றில் சாய்ந்தது, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய வட்டிப் பணம், வீட்டு வரி கட்ட வந்தவர் வாசலோடு திரும்பிப் போனது.

அப்படி ஒரு வாழை விவசாயி. தற்கொலைக்கு முயன்றவரை நெல்லை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிழைத்து வந்தார். ஊருக்கு ‘மஞ்சக்காமாலை’ என்று சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் ரொட்டியும் ஹார்லிக்சுமாக வந்து, “பிள்ளைகள நெனச்சுப் பாத்தியாடே?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நர்சம்மா வந்தது அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கும் சாக்கில், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோட்டோடு. அம்மாவுக்குப் பார்த்து முடித்ததும் நாற்காலியை இவர் பக்கம் இழுத்துப் போட்டு, “அண்ணாச்சி, சாகணும்னு இப்பவும் தோணுதா?” என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாமே ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடாதா? கொஞ்ச நேரம் கழித்து அவர், “ராத்திரிதாம்மா. பகல்ல ஒண்ணுமில்ல” என்றார். அவர் வாய் திறந்து அதைச் சொல்லி வீட்டுக்காரி கேட்டது அன்றைக்குத்தான். (நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து என்று நர்சம்மா பிறகு விளக்கினார்.)

அப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன வேலை. வயலுக்கு அடிக்கும் மருந்து முழுவதும் மச்சினனின் மோட்டார் ரூமுக்குப் போனது, சாவி மச்சினனிடம். ராத்திரி அவரைத் தனியாகப் படுக்க விடவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கிழமை பார்த்து நர்சம்மாவே கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு போட்டார். அதன் பிறகும் அந்தத் தெரு வழியாக வந்தால் எட்டிப் பார்க்காமல் போகமாட்டார். அதைத்தான் நான் பெரிய வேலை என்பேன். சென்னை உட்பட ஐந்து ஊர்களில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. பிழைத்தவர்களிடம் ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து பேசி, வீடு போன பிறகும் போனிலோ நேரிலோ விசாரித்துக்கொண்டே இருந்ததில், தற்கொலைச் சாவு குறைந்திருந்தது.

ஊராட்சி என்ன செய்தது? கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்து ஊர்களில் தற்கொலைத் தடுப்புக்கு வேலை செய்யும் ‘சிநேகா’ அமைப்பு பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்தில் பூட்டி வைக்கப் பெட்டிகள் அமைத்துப் பார்த்தது. அதை அக்டோபர் 2 கிராமசபையில் சொன்னேன். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சுவே இது?” என்று ஒரு பெரியவர் எழுந்து போய்விட்டார். தீர்மானம் ஏறவில்லை. ரேஷன் கடைச் சுவரில் 14416 (மனநல உதவிக்கான அரசு எண்), 104 (அரசு மருத்துவ ஆலோசனை எண்) என்று எழுத மட்டும் சம்மதித்தார்கள்.

மேலப்பாளையம், பீடி சுற்றுபவர்

எங்கள் தெருவில் வாசலுக்கு வருவது குழுக் கடன்காரர்தான். தவணை வைக்காத வீட்டு வாசலில் குழுவில் இருக்கிற மற்ற பெண்களையும் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டு லாத்தா (அக்கா) தன்னுடைய கத்தரியையும் பீடித்தட்டையும் கொண்டுவந்து, “நீயே வச்சுக்கம்மா, எனக்கு இனி எதுக்கு?” என்றார். சுற்றுகிறவள் கத்தரியை அடுத்தவருக்குக் கொடுக்கமாட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

என் போனிலிருந்து 14416 போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். தமிழில்தான் பேசினார்கள். முதல் கேள்வி, “இப்போ பக்கத்துல யாரு இருக்கா?” கடனைப் பற்றி அப்புறம்தான் கேட்டார்கள். லாத்தா தானாகப் போட்டிருக்கவே மாட்டார்.

கடன் அப்படியேதான் இருந்தது. வசூலில் மிரட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 2025-ல் சட்டம் வந்ததைப் பீடிச் சங்கத்து அக்கா எடுத்துச் சொல்லி, எங்களோடு வந்து பேசிய பிறகு தவணையைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

கொக்கிரகுளம், மனு எழுதுபவர்

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. மனுநாள். கந்துவட்டிக் கொடுமையில் ஒரு குடும்பமே இங்கே கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாய்ந்துபோனது ஊருக்கே தெரியும். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு மனுநாளில் வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

“நடவடிக்கை எடுக்காட்டி உசுர விட்ருவேன்னு கடைசியா ஒரு வரி போடுங்க” என்று பல பேர் கேட்பார்கள். நான் போடுவதில்லை. அதிகாரியைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயல்வது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 226-வது பிரிவின்படி இன்றும் குற்றம். மனு கொடுக்க வந்தவர் மேலேயே அது திரும்பும். ஆனால் கேட்டுவிட்டுச் சும்மா அனுப்புவதும் இல்லை. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன். ஒருமுறை தனியாக வந்த ஆச்சி ஒருவரை வாசலில் நின்ற பெண் காவலரிடம் சொல்லி ஒப்படைத்தேன். அந்தப் பிள்ளை ஆச்சியை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்து, மகனுக்குப் போன் போட்டு, அவன் வந்து சேரும் வரை கூடவே இருந்தாள். இது எந்தச் சுற்றறிக்கையிலும் இருக்காது.

அம்பாசமுத்திரம், ஆசிரியர்

ரிசல்ட் சமயத்தில் 104-ல் மாணவர்களுக்கென்றே ஆலோசகர்கள் பேசுகிறார்கள். நாங்கள் ரிசல்ட்டுக்கு முந்தின நாளே, தோற்கக்கூடும் என்று தெரிந்த பிள்ளைகளின் வீட்டுக்குப் போய், துணைத்தேர்வு இதே வருஷம் உண்டு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வருவோம். பிள்ளைக்கு அது முன்பே தெரிந்திருக்கும், அப்பாவுக்குத்தான் தெரிந்திருக்காது.

மானூர் பக்கம்

செயலர் அண்ணாச்சி, ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்துதானே எல்லோரும் மறைக்கிறார்கள்? எங்கள் வீட்டிலும் இப்போது அந்த நிலைமைதான். தம்பி நேற்றுத்தான் டிஸ்சார்ஜ் ஆனான்.

நாங்குநேரிப் பக்கம்

தம்பி, ஆஸ்பத்திரியில் எம்.எல்.சி. (போலீசுக்குத் தகவல் போகும் பதிவு) போடுவார்கள், போலீஸ் வந்து கேட்பார்கள். அது நடைமுறை. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, 115-வது பிரிவைப் பாருங்கள்: வேறு விதமாக நிரூபணம் ஆகாதவரை, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காகத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைக் குற்றம் என்ற பழைய இந்திய தண்டனைச் சட்டத்து 309-வது பிரிவு 2024 ஜூலையோடு போய்விட்டது. மனுக்காரர் சொன்ன 226 வேறு விஷயம், உங்கள் தம்பிக்குச் சம்பந்தமில்லை.

இன்றைக்கு ராத்திரி அவனோடு ஒருவர் படுங்கள். வீட்டில் மருந்து, மாத்திரை எது இருந்தாலும் வேறு வீட்டுக்குப் போகட்டும். 14416-ல் ராத்திரியிலும் ஆள் இருப்பார்கள், நீங்களே போட்டுப் பேசலாம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் உங்கள் ஊர் நர்சம்மாவிடம், மனநல டாக்டர் வரும் கிழமையைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப்போங்கள்.