கத்பர்ட் பிராட்ரிக்கை லீட்ஸ் நகரம் கைவிட்டதா?

தூணழகன்:
இங்கிலாந்தின் ஹல் துறைமுக நகரில் 1821இல் பிறந்த கட்டடக் கலைஞர் கத்பர்ட் பிராட்ரிக், வட இங்கிலாந்து நகரமான லீட்ஸின் டவுன் ஹால் (நகர்மன்றக் கட்டடம்) வடிவமைப்புப் போட்டியில் வென்றபோது முப்பதை ஒட்டிய வயதினர். இந்த இளைஞரிடம் இவ்வளவு பெரிய பணியை ஒப்படைக்கலாமா என்று தயங்கிய நகர்மன்றத்துக்கு, லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்லஸ் பாரிதான் நம்பிக்கை அளித்தார். டவுன் ஹாலை 1858இல் விக்டோரியா அரசியே வந்து திறந்துவைத்தார். ஆயினும் 1870 வாக்கில் பிராட்ரிக் பிரான்சுக்குப் போய்விட்டார்; 1905 வரை உயிரோடு இருந்தவர், அதன்பின் குறிப்பிடத்தக்க ஒரு கட்டடமும் எழுப்பவில்லை. இப்படியொரு கலைஞரைத் தக்கவைக்கத் தவறிய பழியை லீட்ஸ்தான் ஏற்க வேண்டும் என்பது என் வாதம்.

வரவுசெலவு:
பழியைச் சற்றுப் பகிர்ந்து கொடுங்கள், நண்பரே. ஏறத்தாழ 42,000 பவுண்டுக்கு ஒப்பந்தமான அந்த வேலை 1,20,000 பவுண்டைத் தாண்டியது. ஒப்பந்ததாரர் சாமுவேல் அட்டாக், கட்டடம் முடியும் முன்பே திவாலானார். வரிப்பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய மன்றம் அடுத்த முறை இருமுறை யோசிப்பதில் என்ன குற்றம்?

தூணழகன்:
அந்தக் கணக்கில் டவுன் ஹால் கோபுரத்தையும் சேர்த்துப் பாருங்கள். வேண்டும், வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் இழுபறி நடத்திவிட்டு, அடித்தளம் எழுந்த பிறகு 1856இல்தான் மன்றம் அதற்கு இசைந்தது. 225 அடிக் கோபுரம் சும்மா வந்துவிடாது. வீண்செலவுக்காரர் என்று அவரைச் சொல்வோர் லீட்ஸில் அவரே வடிவமைத்து 1863இல் திறந்த தானியச் சந்தைக்குள் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். முட்டை வடிவக் கூடத்தின் மீது கவிந்த கூரையில் வடக்குப் பக்கத்தில் மட்டும் பெரிய அளவில் கண்ணாடி பதித்தார்; நேர்வெயில் விழாத சீரான வெளிச்சத்தில்தான் வியாபாரி தானியத்தின் நிறத்தையும் தரத்தையும் சரியாக மதிப்பிட முடியும் என்பதே காரணம். வெளிச்சுவர்க் கற்களை வைரமுனை போலச் செதுக்கியது ஆடம்பரமென்றே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆடம்பரத்துக்காக எதையும் அவர் செய்யவில்லை.

போல்டன்வாசி:
இருவரும் லீட்ஸையே சுற்றி வருகிறீர்கள். 1867இல் திறக்கப்பட்ட ஸ்கார்பரோ கிராண்ட் ஹோட்டல் அவருடையதுதான். ஹல் டவுன் ஹாலும் (பின்னர் இடிக்கப்பட்டது) அவருடையதே. எனவே வெளியூர் வாய்ப்புகள் அவருக்கு இருந்தன. 1866இல் லண்டன் தேசிய ஓவியக்கூடப் போட்டியில் கலந்துகொண்டு தோற்றார். லீட்ஸ் கட்டடக் கலைஞர் வில்லியம் ஹில்லோ பிராட்ரிக் காட்டிய வழியிலேயே எங்கள் போல்டன் டவுன் ஹாலை வடிவமைத்தார். அது 1873இல் திறக்கப்பட்டது. பிராட்ரிக்கின் பாணிக்கு வட இங்கிலாந்தில் கிராக்கி இருந்த காலத்தில்தான் அவர் ஊரைவிட்டுப் போனார்.

வரவுசெலவு:
அப்படியானால் அவர் விரட்டப்படவில்லை என்றுதான் ஆகிறது. நாற்பத்தெட்டு வயதில் தாமாகவே தொழிலை விட்டவருக்காக நகர்மன்றத்தைக் கூண்டில் ஏற்றுவானேன்?

தூணழகன்:
விரட்டினார்கள் என்று நான் சொல்லவில்லை. லீட்ஸில் அவர் வடிவமைத்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டுக்கு (தொழிலாளர் கல்விக்கூடம்) பிறகு அவர் மேசைக்கு அந்தத் தரத்தில் ஒரு வேலையாவது லீட்ஸ் அனுப்பியிருந்தால் காட்டுங்கள். என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.